பெடல் கெட்டியாக இருந்தும் கிளட்ச் விடுபடாதது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லோட்டஸ் செவன் என்ற இலகுவான திறந்த காரின் பாணியில் நீங்களே கட்டிய கிட் கார்; அதில் முதல் தலைமுறை சுசுகி ஹயபூசாவின் 1,299 சிசி எஞ்சின். பைக்கின் கைப்பிடியோடு வந்த மாஸ்டர் சிலிண்டரை (அழுத்தும்போது கிளட்ச் ஆயிலைக் குழாய்வழியே தள்ளும் சிலிண்டர்) எடுத்துவிட்டு, காலால் மிதிக்கும் 5/8 அங்குல மாஸ்டரைப் பொருத்தியிருக்கிறீர்கள். பெடல் கெட்டியாகவே இருக்கிறது. ஆனாலும் நின்ற இடத்தில் நியூட்ரல் சிக்குவதில்லை, முதல் கியரில் கிளட்ச்சை முழுவதும் மிதித்திருந்தாலும் வண்டி முன்னால் ஊர்கிறது. பெடலுக்கும் மாஸ்டருக்கும் நடுவிலுள்ள புஷ் ராடை நீட்டிப் பார்த்ததும் ஊர்வது ஓரளவு குறைந்தது. ஆனால் அதன் பிறகு இருபது நிமிடம் ஓடியதுமே கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது. நான்கு முறை ஏர் எடுத்தாயிற்று (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை), எஞ்சின் பக்கம் அந்த ஆயிலை வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் சீலையும் மாற்றியாயிற்று. இனி கிளட்ச் பிளேட் செட்டும் கடினமான ஸ்பிரிங்குகளும் வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது, ஸ்லேவ் பிஸ்டனின் நகர்வில் எங்கோ அரை மில்லிமீட்டர் அளவு காணாமல் போகிறது. இரண்டாவது, முதலாவதைச் சரிசெய்ய நீங்கள் செய்த வைத்தியத்தால் வந்தது. கடினமான ஸ்பிரிங் போட்டால் இரண்டாவது சிறிது காலம் மறைந்திருக்கும், முதலாவது மோசமாகும்.

அரை மில்லிமீட்டருக்கு ஏன் இத்தனை கவலை என்று தோன்றலாம். கார்களில் வழக்கமாக இருக்கும் ஒற்றைப் பிளேட் உலர் கிளட்ச்சுக்கு இரண்டு உராய்வு முகங்கள்தான். பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் சற்றே விலகினாலும் இரண்டு முகங்களுக்கும் தாராளமான இடைவெளி கிடைத்துவிடும். பைக் எஞ்சினில் இருப்பதோ எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி இயங்கும் பல பிளேட் கிளட்ச். உராய்வுப் பிளேட் பத்து என்று வைத்துக்கொண்டால் முகங்கள் இருபது. பிரஷர் பிளேட் 2 மி.மீ. விலகினால் அந்த இடைவெளி இருபதாகப் பங்கிடப்பட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் 0.1 மி.மீ.தான் வந்து சேர்கிறது. விலகல் 1.4 மி.மீ. ஆகக் குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.07. அந்த மெல்லிய இடுக்கில் ஆயிலும் இருப்பதால், பிளேட்டுகள் ஒன்றையொன்று விடாமல் இழுத்துக்கொண்டே சுற்றும். பைக்கில் இந்தக் கணக்கைத் தயாரிப்பாளரே பார்த்து மாஸ்டர், ஸ்லேவ், கைப்பிடி மூன்றையும் பொருத்திக் கொடுத்திருக்கிறார். கைப்பிடியை எடுத்துவிட்டுப் பெடல் போட்ட கணத்திலிருந்து அந்தக் கணக்கு நம் பொறுப்பு.

ஆகவே கணக்கையே முதலில் போட்டுப் பார்ப்போம். ஸ்லேவ் பிஸ்டனின் விட்டத்தை உங்கள் கையால் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். இங்கே எடுத்துக்காட்டுக்கு 36 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். அதன் பரப்பு 1,018 சதுர மி.மீ. 5/8 அங்குல மாஸ்டரின் விட்டம் 15.9 மி.மீ., பரப்பு 198 சதுர மி.மீ. அதாவது மாஸ்டர் பிஸ்டன் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்தால் ஸ்லேவ் ஒரு மில்லிமீட்டர் நகரும். பெடலின் நெம்புவிகிதம் ஐந்துக்கு ஒன்று, பாதம் 60 மி.மீ. தூரம் மிதிக்கிறது என்றால் புஷ் ராட் 12 மி.மீ. நகர்கிறது. அதில் ஒரு மி.மீ. வெற்று ஆட்டம், இன்னொரு மி.மீ. ஈடுசெய் துளையை (மாஸ்டரிலிருந்து ஆயில் டப்பாவுக்குப் போகும் சிறு வழி; பின்னால் விளக்குகிறேன்) கடக்கும்வரை வீண். மிச்சம் 10 மி.மீ.; அது தள்ளும் கிளட்ச் ஆயில் 1,980 கன மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 2 மி.லி.; ஸ்லேவின் நகர்வு 1.94 மி.மீ. காகிதத்தில் இது போதும். ஆனால் போதும் என்பதற்கும் போதாது என்பதற்கும் நடுவே இருப்பது வெறும் அரை மி.லி.தான் என்பதையும் கவனியுங்கள்.

இனி அந்தக் கெட்டியான பெடலுக்கு வருவோம். பெடல் பஞ்சுபோல இருந்தால் உள்ளே காற்று, கெட்டியாக இருந்தால் காற்று இல்லை என்பது பிரேக் வேலையிலிருந்து நமக்கு வந்த பழக்கம். கிளட்ச்சில் அது ஏமாற்றும். கிளட்ச் ஸ்பிரிங்கின் எதிர்ப்பால் குழாயில் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்கு மேலேயே இருக்கும். அரை மி.லி. காற்று, அதாவது ஏறத்தாழ 10 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு குமிழி, அந்த அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். அது சுருங்குவது மிதியின் தொடக்கத்தில், காலுக்கு எடையே தெரியாத இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு உங்கள் பாதம் உணர்வது ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையைத்தான். ஆனால் ஸ்லேவின் நகர்வில் அரை மி.மீ. ஏற்கெனவே போய்விட்டது. பிரேக்கில் இதே குமிழி இருந்தால் பெடல் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பிடித்துவிடும். கிளட்ச்சில் பெடல் தரையைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் கேட்க வழியில்லை.

குற்றவாளி காற்றா, பெடலின் அமைப்பா என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. அதற்கு ஒரு 5 மி.லி. சிரிஞ்சும் சிறிது ஒளிபுகும் டியூபும் போதும். ஸ்லேவின் ப்ளீட் நிப்பிளில் (ஏர் எடுக்கத் திறந்து மூடும் திருகு) டியூபை மாட்டி, மறுமுனையைச் சிரிஞ்சின் முனையில் செருகுங்கள். சிரிஞ்சின் தண்டைக் கழற்றி, வாய் மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். குழாயும் டியூபும் ஆயிலால் நிரம்பி, சிரிஞ்சின் அடியில் கொஞ்சம் தெரியும்வரை மெதுவாக மிதியுங்கள். பிறகு நிப்பிளைத் திறந்தபடியே பெடலை ஒரே ஒரு முறை தரைவரை மிதித்து, காலை எடுக்காமல் நிப்பிளை மூடுங்கள். சிரிஞ்சில் எத்தனை கோடு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கணக்குப்படி 2 மி.லி. வர வேண்டிய இடத்தில் 1.4தான் வந்தால் பெடலின் தூரம், நெம்புவிகிதம், தரைவிரிப்பு, புஷ் ராட் ஆகியவற்றில்தான் குறை. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை. 2 மி.லி. முழுதாக வந்தும் கிளட்ச் விடுபடவில்லையென்றால், அழுத்தம் ஏறும்போது எங்கோ அது தொலைகிறது: காற்று, விரியும் ரப்பர் ஹோஸ், கசியும் கப் (பிஸ்டனின் ரப்பர் சீல்) ஆகிய மூன்றில் ஒன்று. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் நானும் என் வாழ்க்கையில் சில வார இறுதிகளை மிச்சம் பிடித்திருப்பேன்.

உங்கள் வண்டியில் காற்று இருக்கிறது என்பதே என் ஊகம். அதற்கான காரணம் நீங்கள் நீட்டிய அந்தப் புஷ் ராடுதான். மாஸ்டர் சிலிண்டரில், பெடல் முழுதும் மேலே இருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் ஊசிமுனை அளவு ஈடுசெய் துளை ஒன்று உண்டு. குழாயில் இருக்கும் ஆயில் சூட்டில் விரிந்தால் உபரி அந்த வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். மாஸ்டர் பக்கம் ஏறிவரும் குமிழிகளும் அந்த வழியாகத்தான் வெளியேறும். புஷ் ராட் நீளமாகிவிட்டால் பிஸ்டன் கடைசி ஒரு மில்லிமீட்டர் திரும்புவதே இல்லை. ரப்பர் கப் துளையின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். வண்டி குளிர்ந்திருக்கும்போது எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே அடைபட்ட 20 மி.லி. ஆயில் 50 டிகிரி சூடேறினால் அரை மி.லி.க்கு மேல் விரியும். போக வழியில்லாததால் அது ஸ்லேவ் பிஸ்டனைத் தள்ளும். இப்போது கிளட்ச்சைப் பாதி மிதித்திருப்பது உங்கள் கால் அல்ல, எஞ்சினின் சூடு. இருபது நிமிடக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. பிளேட் தேயத் தேய இன்னும் மோசமாகும். ஏனென்றால் பிளேட் அடுக்கு மெலியும்போது பிரஷர் பிளேட் உள்ளே நகர்ந்து ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னே தள்ளப் பார்க்கும், அதற்கும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பியாக வேண்டும்.

இதை உறுதிசெய்வதும் எளிது. கண்ணாடி அணிந்துகொண்டு டப்பாவின் மூடியைத் திறந்து, பெடலைக் கையால் மிக மெதுவாகச் சில மில்லிமீட்டர் அழுத்துங்கள். துளை திறந்திருந்தால் ஆயிலின் மேற்பரப்பில் ஒரு சிறு ஊற்றுப் போல எழும்பி அடங்கும். எதுவும் அசையவில்லை என்றால் துளை மூடியிருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது. டப்பா தனியாக வேறிடத்தில் இருந்து குழாயால் இணைக்கப்பட்டிருந்தால் இந்த ஊற்று தெரியாது. அப்போது வண்டி சூடாகி வழுக்கும் தருணத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ப்ளீட் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூடுங்கள். பெடலில் யாரும் கால் வைக்காதபோதே ஆயில் பீய்ச்சி, அதன்பின் வழுக்கலும் நின்றுவிட்டால் தீர்ப்பு கிடைத்துவிட்டது. பீய்ச்சாமல் மெல்லக் கசிந்து, வழுக்கலும் தொடர்ந்தால் மட்டும் ஸ்பிரிங், பிளேட், எஞ்சின் ஆயில் பக்கம் பார்வையைத் திருப்புங்கள். நிப்பிளில் வரும் கிளட்ச் ஆயில் சூடாக இருக்கும், பெயின்ட்டையும் உரித்துவிடும். துணியைச் சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.

ஆக, புஷ் ராடை மீண்டும் குறுக்குங்கள். பெடல் தன் ஸ்பிரிங்கின் இழுப்பில் மேலே நின்றிருக்க, புஷ் ராடின் நுனிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஒரு மி.மீ. ஆட்டம் விரலுக்குத் தெரிய வேண்டும். பெடல் மேலே எங்கே நிற்கிறது என்பதைப் பெடலுக்கென்றே வைத்த தடையே தீர்மானிக்க வேண்டும், மாஸ்டரின் உள்ளிருக்கும் வளையம் அல்ல. இதைச் செய்ததும் ஊர்வது திரும்பவும் தலைதூக்கும். அதைக் கண்டு மறுபடி நீட்டிவிடாதீர்கள். இனிதான் உண்மையான ஏர் எடுக்கும் வேலை.

நான்கு முறை எடுத்தும் காற்று ஏன் போகவில்லை? செவன் பாணிக் கார்களில் எஞ்சினைக் கால்வட்டம் திருப்பி, செயின் ஸ்ப்ராக்கெட் இருக்கும் இடப்பக்கம் பின்னோக்கும்படி வைக்கிறோம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகிறது. ஸ்ப்ராக்கெட்டுக்கு அருகிலேயே இருக்கும் ஸ்லேவ், இதனால் அந்த ஷாஃப்ட் போகும் நடுச்சுரங்கத்தின் வாயிலில் போய் ஒளிந்துகொள்கிறது. பானெட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக எஞ்சினைச் சாய்த்தும் வைத்திருந்தால், பைக்கில் உச்சியில் இருந்த ப்ளீட் நிப்பிள் இப்போது உச்சியில் இல்லை. நிப்பிளுக்கு மேலே இருக்கும் காற்று நிப்பிள் வழியே வரவே வராது. ஸ்லேவைக் கழற்றி, நிப்பிள் மேலே பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு ஏர் எடுப்பதுதான் இதற்கு வழி. ஆனால் பிஸ்டனை ஒரு மரக்கட்டையும் சி-கிளாம்ப்பும் கொண்டு முழுவதுமாக உள்ளே அழுத்திப் பூட்டாமல் யாரையும் பெடலைத் தொட விடாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

குழாயின் பாதையையும் பாருங்கள். 3/16 அங்குலக் குழாயின் உள்விட்டம் சுமார் 3.4 மி.மீ.; ஒரு மிதியில் 2 மி.லி. என்றால் அந்தக் குழாய்க்குள் ஆயில் நகரும் தூரம் ஏறத்தாழ 22 செ.மீ. குழாய் எங்காவது மேலே ஏறி, 30 செ.மீ. கீழே இறங்குகிறது என்றால், மேட்டில் இருக்கும் குமிழி ஒவ்வொரு மிதிக்கும் 22 செ.மீ. இறங்கி, அடுத்த மிதிக்காக நிப்பிளை மூடிக் காத்திருக்கும் நேரத்தில் நிதானமாக மேலே ஏறிப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நாள் முழுவதும் மிதித்தாலும் நிப்பிளில் வருவது சுத்தமான ஆயில்தான். இதனால்தான் இத்தகைய வண்டிகளில் நான் மேலிருந்து கீழே ஏர் எடுப்பதையே விட்டுவிட்டேன். பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, ஸ்லேவின் நிப்பிளில் மாட்டி, மெல்ல மேல்நோக்கித் தள்ளுங்கள். காற்று தான் போக விரும்பும் திசையிலேயே போகும். டப்பாவில் குமிழிகள் வந்து உடைவதைப் பார்க்கலாம். ஈடுசெய் துளை திறந்திருந்தால்தான் இது நடக்கும். புஷ் ராடை முதலில் குறுக்கச் சொன்னது இதற்காகவும்தான். கடைசியாக மாஸ்டரின் வெளியேறும் வாயில் இருக்கும் பான்ஜோ போல்ட்டை (குழாயை இணைக்கும் துளையிட்ட போல்ட்), யாராவது பெடலை லேசாக மிதித்திருக்கும்போது அரைச் சுற்றுத் தளர்த்தி இறுக்குங்கள். அந்த இடம் பெரும்பாலும் பாதையின் உச்சி. கடைசிக் குமிழி அங்கேதான் இருக்கும்.

பான்ஜோ போல்ட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜப்பானியப் பைக் ஸ்லேவ்களில் மரை பெரும்பாலும் எம்10 (விட்டம் 10 மி.மீ.), புரி இடைவெளி 1.25 மி.மீ.; கார்களின் குழாய் இணைப்புகளில் எம்10, புரி இடைவெளி 1.0 மி.மீ., அல்லது 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. இவை ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்றுவரை ஏறிவிடும். ஸ்பேனர் வைத்து இறுக்கினால் இறுகியது போலவும் தோன்றும். பிறகு ஆயில் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். கையால் கடைசிவரை சுற்ற முடியாத போல்ட் எதுவானாலும் சந்தேகப்படுங்கள்; செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

சிரிஞ்சுச் சோதனையில் அளவு சரி, காற்றும் இல்லை என்றான பின்பும் ஊர்கிறதா? எஞ்சின் ஓட, முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடியே அரை நிமிடம் பிடித்திருங்கள். பிரேக்கில் ஒரு கால் இருக்கட்டும். முதலில் விடுபட்டிருந்த கிளட்ச் மெல்ல மெல்லப் பிடிக்கத் தொடங்கினால், மாஸ்டரின் முதன்மைக் கப் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விட்டுவிடுகிறது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. எந்த ஆயிலை ஊற்றுகிறீர்கள் என்பதும் இதில் சேரும்: டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைக்கான மாஸ்டரில் மினரல் ஆயிலை ஊற்றினால் அதன் சீலில் இருக்கும் ஈபிடிஎம் வகை ரப்பர் ஊதிப் போகும், மினரல் ஆயிலுக்கென்றே செய்த கிளட்ச் அமைப்புகளில் டாட் 4 ஊற்றினால் அங்கேயும் சீல் கெடும். டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதே சட்டம். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை இழுத்த பிறகு 155 டிகிரிவரை இறங்கலாம். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் கிளட்ச் குழாய் போகும் வண்டியில் இது வெறும் காகித எண் அல்ல.

பெரிய மாஸ்டர் போட்டால் என்ன என்ற யோசனையும் உங்களுக்கு வரும். 3/4 அங்குல மாஸ்டரின் பரப்பு 285 சதுர மி.மீ.; அதே மிதிக்கு ஸ்லேவ் 2.8 மி.மீ. நகரும். ஊர்வது உடனே நிற்கும். பெடல் சுமார் 44 சதவீதம் கனமாகும். நான் அப்படித்தான் செய்தேன், பெடலின் கீழ்ப்பக்கம் தடை எதுவும் வைக்காமல். பைக்கில் கைப்பிடி ஹேண்டில்பாரில் இடித்து நின்றுவிடும். காலுக்கு அப்படி எதுவும் இல்லை, மேலும் விரல்களைவிடக் கால் பன்மடங்கு பலமானது. மூன்றாவது நாள் ஒரு சிக்னலில் அவசரமாக மிதித்தபோது ஸ்லேவ் பிஸ்டன் தன் துளையைத் தாண்டி வெளியே வந்து, இருந்த ஆயிலெல்லாம் சுரங்கத்துக்குள் கொட்டி, சேசிஸின் பெயின்ட் பாளம் பாளமாக உரிந்தது. பிஸ்டன் வெளியே வராத அமைப்பாக இருந்திருந்தால் கிளட்ச் ஸ்பிரிங் சுருள்மேல் சுருள் படிந்து இறுகியிருக்கும், அல்லது நடுவிலிருக்கும் நீளத் தண்டு வளைந்திருக்கும். எனவே எந்த அளவு மாஸ்டரானாலும் கீழே ஒரு தடை போல்ட் கட்டாயம். கிளட்ச் சுத்தமாக விடுபடும் இடத்தைக் கண்டு, அதற்குமேல் பெடலில் ஒரு 5 மி.மீ. மட்டும் விட்டு, பூட்டு நட்டை இறுக்குங்கள்.

பிளேட்டைச் சந்தேகிப்பதற்கு முன் இன்னொன்று. பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட்டால் சக்கரம் சுற்றும். ஆயிலில் நனைந்த கிளட்ச்சில் அது இயல்பு, எதிர்க்கும் பாரம் எதுவும் இல்லாததால்தான் சுற்றுகிறது. பிரேக்கை லேசாகத் தொட்டதும் எஞ்சின் திணறாமல் சக்கரம் நின்றால் அது கோளாறே அல்ல. காலையில் முதல் முறை கியர் போடும்போது ஒரு துள்ளல் இருந்து, சூடான பிறகு மறைவதும் அப்படித்தான். ரிவர்ஸ் பெட்டி தனியாக வைத்திருந்தால் இந்தச் சிறு இழுப்பே அங்கே கரகரப்பாகக் கேட்கும்; நின்று ஓரிரு விநாடி பொறுத்துப் போடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நின்ற இடத்தில் நியூட்ரல் சிக்கவில்லை என்றால், அப்போது எஞ்சின் ஆயிலை வடித்து கிளட்ச் மூடியைத் திறங்கள். நகர்வை அளக்கும் டயல் கேஜைப் பிரஷர் பிளேட்டின்மேல் நிறுத்தி, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள்; அலுமினியத்தில் காந்த அடிப்பாகம் ஒட்டாது, சேசிஸ் குழாயில் ஒட்டவையுங்கள். மூன்று இடங்களில் அளந்து, விலகல் எங்கும் ஒன்றுபோல 1.9 மி.மீ. அருகே இருந்தால் ஹைட்ராலிக்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. பிறகு இரும்புப் பிளேட்டுகளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து வளைவைப் பாருங்கள்; பைக்கைப் போல் இரு மடங்குக்கு மேல் எடையுள்ள வண்டியை ஏற்றத்தில் பலமுறை கிளப்பியிருந்தால் அவை நீலம் பாரித்து வளைந்திருக்கக்கூடும். பிளேட்டுகளைத் தாங்கும் பாஸ்கெட்டின் விரல்களில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளங்கள் இருந்தால் பிளேட்டுகள் அங்கே சிக்கிக்கொண்டு விலக மறுக்கும். பிளேட் செட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். புதுப் பிளேட்டுகளை ஜாசோ எம்ஏ தரமுள்ள (ஆயிலில் நனையும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஜப்பானியத் தரம்) எஞ்சின் ஆயிலில் ஓரிரவு ஊறவைத்துப் பொருத்துங்கள். ஸ்பிரிங் மட்டும் பைக்கோடு வந்த அளவிலேயே இருக்கட்டும்.